மேசைக்கு எதிரே மதினி

பினாயிலில் வெளுத்துப்போன மதினியின் விரல்கள் ஒரு ஃபைலின்மேல் கிடந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. சாதிச் சான்றைச் சரிபார்க்கும் அலுவலகம். எதிரே அதிகாரி, பக்கத்தில் மொழிபெயர்க்க நான். என் அண்ணன் மனைவி அவள், தாராவிக்காரி. ஒரு ஆஸ்பத்திரியில் ஒன்பது வருஷமாகத் தற்காலிக ஆயா. பட்டியல் சாதிக்கு ஒதுக்கிய இடத்தில் அவள் வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் அந்த மேசையைத் தாண்டியாக வேண்டும். தாத்தா காலத்துக் காகிதமெல்லாம் தேடிச் சேர்த்துவிட்டேன். ஒரே ஒரு முள்தான் மிச்சம். மதினி ஏசுவிடம் போயிருந்தாள். கிறிஸ்தவள் என்று சொன்னால் சட்டப்படி அந்த இடம் அவளுக்குக் கிடையாது.

எங்கள் சந்தில் இது புதிதில்லை. ஞாயிறு காலை தையல் மெஷின்களை ஓரம் தள்ளிவிட்டு மாடியறையில் ஜெபம் பண்ணிப் பாடுகிறவர்களில் பாதிப்பேர் காகிதத்தில் இந்துக்கள். "பேப்பர்ல இருக்க சாமி வேற, வீட்ல இருக்க சாமி வேறல" என்பான் அண்ணன், ரேஷன் கார்டில் விலாசம் மாற்றாததைச் சொல்வதுபோல. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஒளியைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் கவிதை எழுதிக்கொண்டிருந்தவன் நான். அந்த நான்தான், அலுவலகம் போகிற வழியில் பஸ் ஆண்டாப் ஹில் தாண்டும்வரை அவளுக்குப் பொய் சொல்லிக்கொடுத்தேன், குலதெய்வத்தின் பேரைச் சொன்னால் போதும் என்று. மதினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எந்தச் சாமியைக் கும்பிடுகிறாள் என்று அதிகாரி மராத்தியில் கேட்டார். தமிழில் கேட்டேன். "ஏசுவ" என்றாள், தண்ணீர் கேட்கிற குரலில். நான் துளியும் தயங்காமல் மராத்தியில் சொன்னேன்: "இசக்கியம்மன்." அவர் எழுதக் குனிந்தார்.

விரல்கள் ஃபைலை அழுத்தின. வார்டில் பழகிய இந்தியில் மதினி சொன்னாள்: "சாப், யே ஜூட் போல்தா. மே யேசுகோ மான்தி." இவன் பொய் சொல்கிறான், நான் ஏசுவை நம்புகிறவள்.

அதிகாரிக்கும் மறுக்க மனசில்லை போலிருக்கிறது. யோசித்துச் சொல்லம்மா என்று பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார். மதினி திருப்பிச் சொன்னாள், அதே வார்த்தைகளை, இன்னும் மெதுவாக.

வெளியே வந்ததும் நடுரோட்டில் கத்தினேன். பென்ஷன் வருகிற வேலை, வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் அண்ணன் என்று அடுக்கினேன். கத்தி முடிக்கும்வரை நின்று கேட்டாள்.

"நாலு வருசமா அவர ஒளிச்சு வச்சிருந்தேன், கொழுந்தனாரே. ஒளிச்சு ஒளிச்சு, எனக்கே அவரு மூஞ்சி தெரியாமப் போயிட்டு."

நிரந்தர இடம் கிடைக்கவில்லை, இருந்த தற்காலிக வேலையும் போயிற்று. இப்போது அணுசக்தி நகரில் மூன்று வீடுகளுக்குச் சமைக்கிறாள். சாயந்திரம் கால் வீங்கிவிடுகிறது. அதை அழகாக்கிச் சொல்ல எனக்கு வாய் வராது.

நானும் அந்த மாடியறைக்குப் போகத் தொடங்கி ஏழு வருஷமாகிறது. போன வாரம் மாட்டுங்கா ஆபீசில் என் பையிலிருந்து வேதாகமம் நழுவி விழுந்தது. பக்கத்து மேசைக்காரர் எடுத்து நீட்டினார். "என்ன சார், உங்க மதினியோடதா?" ஆமாம் என்றுதான் இத்தனை நாளும் சொல்லிவந்திருக்கிறேன்.

"என்னோடது" என்றேன்.

அப்படிச் சொன்னதால் எனக்கு இழப்பு ஒன்றுமில்லை. அவரும் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். ஆனாலும் உட்கார்ந்த பிறகும் என் முழங்கால் நடுங்கிக்கொண்டே இருந்தது. அன்றைக்கு மதினியின் முழங்காலும் நடுங்கியதா? பக்கத்திலேயே இருந்தேன். பார்க்கவில்லை.