ஆற்றில் விட வேண்டிய வீடு

எங்கள் வீட்டுப் பரணில், பழைய மிக்சிக்கும் குத்துவிளக்குப் பெட்டிக்கும் நடுவே, ஓராண்டுக்கு மேலாக ஒரு காகித வீடு இருந்தது. ஜவுளிக்கடை அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டிய வீடு. சன்னல்களில் சிவப்பும் மஞ்சளுமாய்க் கண்ணாடித் தாள், அடியில் ஒரு தெர்மகோல் பலகை, உள்ளே திரி கருகாத ஒரு மெழுகுவத்தி. கூரையின் ஒரு பக்கத்தில் கடையின் பெயர் பாதி தெரியும். பொங்கலுக்கு ஒட்டடை அடித்தபோது அதைக் குப்பையோடு சேர்க்கப் போனேன். "தொட்டுப் பாரு, தெரியும்" என்றார் அம்மா. காலில் பிளேட் வைத்த பிறகு அவர் நாற்காலியை விட்டு அத்தனை வேகமாக எழுந்து நான் பார்த்ததில்லை.

அந்த வீட்டைச் செய்தவர் என் அண்ணி. ஸ்லோவேனிய மொழியைப் படிப்பதற்காக ஸ்லோவேனியாவிலிருந்து கிளம்பி மதுரைப் பக்கத்துச் சமயநல்லூருக்கு வந்தவர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். அண்ணன் அங்கே கன்டெய்னர் லாரி ஓட்டுகிறான். துறைமுகத்தில் பெட்டியை ஏற்றிக்கொண்டு ஆஸ்திரியா, ஜெர்மனி என்று போனால் வீடு திரும்பப் பல நாளாகும். அவனோடு தொடர்ந்து தங்க வேண்டுமென்றால் அண்ணி அந்த ஊர் மொழியில் ஓர் அடிப்படைத் தேர்வில் தேறியாக வேண்டும். முதல் தடவை தோற்றுவிட்டார். அனுமதிக் காலம் முடிவதற்குள் இன்னொரு தடவைதான் எழுத முடியும் என்ற நிலையில் இங்கே அம்மா படியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். நான் பசுமலையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். காலையில் போனால் பொழுது சாயத்தான் திரும்புவேன். அண்ணி யாரையும் கேட்கவில்லை, புத்தகத்தையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு ஐப்பசி மாதத்தில் வந்து இறங்கிவிட்டார்.

தோற்ற கதையை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். புத்தகத்தில் பண்டிகைகளைப் பற்றி ஒரு பாடம். அதில் வரும் குடும்பம் கிறிஸ்துமஸுக்கு என்னென்ன செய்யும் என்பதை அண்ணி வரி பிசகாமல் மனப்பாடம் செய்திருந்தார். உங்கள் வீட்டில் என்ன செய்வீர்கள் என்று தேர்வில் ஓர் அம்மையார் கேட்டதும் கடகடவென்று ஒப்பித்துவிட்டார். பாட்டி ரொட்டி சுடுவார், தாத்தா மாட்டுத் தொழுவத்தில் சாம்பிராணி காட்டுவார். உங்கள் தாத்தா எங்கே இருக்கிறார் என்று அந்த அம்மையார் அடுத்துக் கேட்டார். "அவுக தலைநகரு லுப்ளியானாவுலன்னு சொல்லிட்டேன். அவுக பேரென்னன்னு கேட்டாக பாருங்க, அதோட வாய் கட்டிருச்சு. சோழவந்தான்ல செத்துப்போன மனுசனைக் கொண்டுபோய் அங்க குடி வச்சா எப்படிப் பேச்சு வரும்?"

அன்றைக்கே அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். இனிமேல் தன் கையால் செய்ததை மட்டும்தான் அந்த மொழியில் பேசுவது. அதனால் பாடத்தில் இருந்த பண்டிகைகள் ஒவ்வொன்றும் அதனதன் நாளில் சமயநல்லூருக்கு வரத் தொடங்கின.

முதலில் வந்தது நவம்பர் பிறந்தவுடன் வரும் இறந்தவர்களின் நாள். அங்கே எல்லோரும் கல்லறைக்குப் போய் விளக்கேற்றிச் செவ்வந்திப் பூ வைப்பார்களாம், செவ்வந்தி என்றால் அங்கே கல்லறைப் பூதானாம். "அப்ப நம்ம சரசுவதி பூசைப் படத்தை அவுகளுக்குக் காட்டிராத" என்றார் அம்மா. அண்ணி கடைத்தெருவுக்குப் போய்ச் செவ்வந்திச் சரம் வாங்கி வந்து அப்பாவின் படத்துக்குப் போட்டு, ஒரு மெழுகுவத்தி ஏற்றி, இவர் என் கணவருடைய அப்பா, இவரை நான் பார்த்ததில்லை என்று அவர்கள் மொழியில் மெதுவாகச் சொன்னார். பிறகு அதன் பொருளைத் தமிழில் சொன்னார். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவுகளுக்குச் செவ்வந்தின்னா உசுரு" என்று மட்டும் சொன்னார்.

மார்கழியில் குக்கரில் விசில் போடாமல் ஒரு ரொட்டி வெந்தது. அவர்கள் வால்நட் வைத்துச் சுருட்டுவார்கள். அண்ணி வேர்க்கடலையும் வெல்லமும் வைத்துச் சுருட்டினார். அடி கருகி, நடுவில் வேகாமல் வந்த அதை நாங்கள் மூன்று பேரும் தின்று தீர்த்தோம். கிறிஸ்துமஸ் முடிந்த சில நாளில் இன்னொன்று. அன்றைக்குச் சின்னவர்கள் பெரியவர்களைக் குச்சியால் செல்லமாக அடித்துக் காசோ தின்பண்டமோ வாங்கிக்கொள்ளலாம். வேப்பங்குச்சியோடு அண்ணி வந்து நின்றபோது, "மாமியாளை அடிக்கிறதுக்குன்னே ஒரு நாளு வச்சிருக்கானுகளா" என்று அம்மா முதுகைக் காட்டினார். மாசியில் ஆட்டுத்தோல் போர்த்தி, இடுப்பில் மணி கட்டிக்கொண்டு, குளிரை விரட்டும் பண்டிகை வந்தது. பக்கத்து வீட்டு ஜல்லிக்கட்டு மாட்டின் கழுத்துமணியை இரவல் வாங்கி, கம்பளியைச் சுற்றிக்கொண்டு அண்ணி வாசலில் குதித்தார். அம்மா நாற்காலியில் இருந்தபடி கேட்டார். "யாரைத்தா விரட்டுற?"

"குளிரை அத்தே."

"மதுரையில ஏது குளிரு? வெயிலை விரட்டு, உனக்குப் புண்ணியமாப் போகும்."

விளையாட்டு மாதிரித்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் முடிந்த பிறகு அண்ணி தரையில் உட்கார்ந்து, செய்ததை அந்த மொழியில் சொல்லிப் பார்ப்பார். கேள்விகளைத் தமிழ் எழுத்தில் எழுதி அம்மா கையில் கொடுத்திருந்தார். அம்மா அவற்றைப் பேருந்து நிலையத்தில் ஊர்ப்பெயர் கூவுகிற தோரணையில் உரக்கப் படிப்பார், அண்ணி பதில் சொல்வார். காலுக்குப் பயிற்சி கொடுக்கும்போதும் அதேதான். அம்மா ஓர் அடி வைத்தால் ஒரு கேள்வி, அண்ணி பதில் சொன்னால்தான் அடுத்த அடி. தெருவில் ஆளுக்கொன்று பேசினார்கள், அண்ணி காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருடைய அப்பா சவுதியில் இருந்தவர். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை சூட்கேஸோடு வந்து, பிள்ளைகளுக்கு முகம் பழகுவதற்குள் கிளம்பிவிடுவார். "போன்ல குடும்பம் நடத்த எங்கம்மாவால முடிஞ்சுச்சு. என்னால முடியாது. நான் தேறிருவேன்" என்று என்னிடம் ஒரு நாள் சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை.

அம்மாவுக்கோ வேறு பயம் இருந்தது. அண்ணி துணி காயப்போட மாடிக்குப் போன நேரத்தில் என்னிடம் வாய்விட்டே சொன்னார். "இவ தேறிட்டா ரெண்டு பேரும் அங்கனயே தங்கிருவாக. தேறலைன்னா என் மகனும் என்னைக்காவது திரும்பி வந்துருவான்." அண்ணி இறங்கி வந்ததும் கேள்வித்தாளைக் கையில் எடுத்து, "ஏத்தா, உக்காரு, இன்னைக்குப் பாடம் சொல்லலையே" என்றார். என் அம்மாவை நான் அந்த நிமிடத்தில் மதித்த அளவுக்கு வேறு எப்போதும் மதித்ததில்லை.

மார்ச் மாதத்தில்தான் காகித வீடு வந்தது. அந்தக் காலத்தில் அங்கே கொல்லர்களும் செருப்புத் தைப்பவர்களும் பனிக்காலம் முழுவதும் விளக்கு வைத்துத்தான் வேலை செய்வார்களாம். மார்ச்சில் பகல் நீண்டதும் இனி விளக்கு வேண்டாம் என்று அதை ஓடும் தண்ணீரில் விட்டுவிடுவார்கள். இப்போது பிள்ளைகள் காகித வீடு செய்து, உள்ளே மெழுகுவத்தி வைத்து ஆற்றில் விடுகிறார்கள். அண்ணி வெட்டினார், அம்மா மைதாப் பசை காய்ச்சினார், நான் சன்னல் ஒட்டினேன். சாயங்காலம் நானும் அண்ணியும் வீட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வைகைக்குப் போனோம்.

ஆற்றில் மணல்கூடச் சரியாக இல்லை. சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. ஆடுகள் மேய்ந்தன. ஒரு பள்ளத்தில் மட்டும் சாக்கடை தேங்கி நுரைத்துக்கொண்டிருந்தது. மார்ச்சில் வைகை எப்படி இருக்கும் என்பது பிறந்ததிலிருந்து தெரிந்த எங்கள் இருவருக்கும், வீடு செய்யும் மும்முரத்தில் அது ஞாபகமே வரவில்லை. இந்தப் பள்ளத்திலேயே விட்டுவிடலாமா என்று கேட்டேன். "இதுலயா?" என்றவர் வீட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கரையேறிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் தண்ணீர்த் தொட்டியில் விடுகிறேன் என்றார். அம்மா விடவில்லை. "தொட்டியில விடவா இம்புட்டுப் பாடு பட்ட? ஆத்துல விடணும்னா ஆத்துலதான் விடணும். சித்திரையில அழகரு ஆத்துல இறங்குறதுக்குத் தண்ணி தொறப்பாக. அதுவரைக்கும் பரண்ல இருக்கட்டும்." அப்போதே இன்னொன்றும் கேட்டுக்கொண்டார். "ஆத்துல தண்ணி இல்லைன்னு அவுக பாசையில எப்படிச் சொல்றது?" அண்ணி சொன்னார்: "உ ரேகி நி வோதே." தண்ணீர் வந்துவிட்டால் எப்படிச் சொல்வது என்றும் அம்மா கேட்டார். "உ ரேகி யே வோதா."

சித்திரைக்கு முன்பே அண்ணி கிளம்ப வேண்டியிருந்தது. அம்மா அப்போது கைத்தடியோடு வாசல்வரை நடந்தார். விமான நிலையத்துக்குக் காரில் போகும்போதும் அண்ணி வாய்க்குள் ரொட்டியும் செவ்வந்தியுமாகப் பேசிக்கொண்டே வந்தார். காகித வீட்டை மட்டும் பேச்சில் சேர்த்துக்கொள்ளவில்லை. செய்யாத பண்டிகை, அதைப் பேசக்கூடாது என்பது அவருடைய கணக்கு.

தேர்வில் அதே அம்மையார்தான் இருந்தார். மேசையில் ஒரு படத்தை வைத்தார். ஓடையில் காகித வீடுகள் மிதந்துகொண்டிருந்தன. இந்தப் பண்டிகையை நீங்கள் கொண்டாடியிருக்கிறீர்களா என்பது கேள்வி. "அதையே கேட்டுப்புட்டாக அத்தே" என்று அன்றே போனில் சொன்னார் அண்ணி. "பொய் சொல்லக்கூடாதுன்னு இருந்தேன்ல. வீடு செஞ்சோம், ஆத்துக்குப் போனோம், உ ரேகி நி வோதேன்னு சொல்லிட்டேன்." அந்த அம்மையார் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஏன் தண்ணீர் இல்லை என்று கேட்டாராம். எங்கள் ஊரில் சாமி ஆற்றுக்கு வருவார், அப்போதுதான் தண்ணீர் வரும் என்றிருக்கிறார் அண்ணி. வீடு இப்போது எங்கே என்று அடுத்த கேள்வி. வீட்டில் இருக்கிறது, அம்மா காத்திருக்கிறார் என்று பதில். "மாமியாருங்கிற வார்த்தை அந்த நேரத்துக்கு வாயில வரல. அம்மான்னே சொல்லிட்டேன் அத்தே." முடிவு வந்து அண்ணி தேறிவிட்டார் என்று தெரிந்த அன்று அம்மா தெருவுக்கே கேசரி கொடுத்தார்.

சென்ற சித்திரையில் வைகையில் தண்ணீர் வந்தபோது, அவள் வரட்டும், அவள் கையால் விடட்டும் என்று அம்மா வீட்டைப் பரணிலேயே வைத்துவிட்டார். இந்தச் சித்திரைக்கும் அண்ணியால் வர முடியவில்லை. அங்கே ஒரு ரொட்டிக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார், அண்ணன் ஊரில் இருக்கும் நாட்களில் மாலை இருவரும் சேர்ந்துதான் சாப்பிடுகிறார்கள். அணையில் தண்ணீர் திறந்த செய்தி வந்ததும் அம்மாவே சொன்னார். "எறக்கு அந்த வீட்டை. இனி அவளைப் பரண்ல வச்சுக் காக்க வேணாம்."

பொழுது சாயும் நேரத்தில் மூன்று சக்கர ஆட்டோவில் போனோம். கலங்கலாக, ஆனால் கரை நனைய ஓடிக்கொண்டிருந்தது ஆறு. என் தோளைப் பிடித்துக்கொண்டு அம்மா தண்ணீர்வரை இறங்கினார். நான் மெழுகுவத்தியை ஏற்றிவிட்டு, வீடியோ கால் போட்டு போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். வேலைத் தொப்பியோடு அண்ணி திரையில் வந்தார். அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, பேருந்து நிலையத்துத் தோரணையில் சொன்னார்.

"உ ரேகி யே வோதா."

அண்ணி தொப்பியைக் கழற்றிவிட்டுத் திரைக்கு இன்னும் கிட்ட வந்தார். அம்மா குனிந்து வீட்டைத் தண்ணீரில் வைத்தார். சன்னல்கள் சிவப்பும் மஞ்சளுமாக எரிய, அது சிறிது தூரம் போய்க் கோரைப்புல்லில் சிக்கி நின்றது. நான் எடுத்துவிடப் போனேன். அம்மா என்னை நகரச் சொல்லிவிட்டு, கைத்தடியை நீட்டி அதன் முதுகில் ஒரு தள்ளுத் தள்ளினார்.

"போத்தா, போ" என்றார்.