பாதி வரை ஏறும் முள்

என் மகள் வத்தல்மலையில் கிராமச் செவிலியராக இருக்கிறாள். எங்களுடைய பழைய டீசல் ஜீப்பில்தான் தினமும் மலையேறுவாள். அவள் கிளம்பும்போது டீசல் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பேன். சாவியைத் திருப்பி, டீசல் அளவு காட்டும் முள்ளைப் பார்த்துவிட்டுச் சொல்வாள்.

"பாதி இருக்குதும்மா. நீ போயி உன் பசங்களுக்குக் கெமிஸ்ட்ரி நடத்து."

அதைக் கேட்டால்தான் எனக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை ஓடும். டேங்கை நாங்கள் நிரப்பியதே இல்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போடுவோம். அதனால் எப்போதும் பாதி என்பது விசித்திரமாகப் படவில்லை. தவிர, அது செத்த முள்ளும் இல்லை. சாவியை அணைத்தால் அடியில் போய்ப் படுக்கும். திருப்பினால் மெல்ல எழுந்து பாதியில் நிற்கும், மூச்சு விடுகிற ஒன்றைப் போல.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை, போய்ச் சேர்ந்ததும் வர வேண்டிய அவளுடைய அழைப்பு வரவில்லை. நான் அடித்தாலும் போகவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மலைப்பாதையில் மூடுபனி. ஒரு கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும் ஜீப் நின்றது, பின்பக்கம் மண்மேட்டில் சாய்ந்து, சக்கரத்துக்கு ஒரு கல்லோடு. கதவு திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. சாவி திருப்பியபடியே இருந்தது. முள் பாதியில் நின்றது.

டீசல் இருக்கிறது. பிறகு ஏன் வண்டியை விட்டுப் போனாள்? அவளாகப் போனாளா? பெயரைச் சொல்லிக் கத்தினேன். குரல் பனிக்குள் போய்த் திரும்பவே இல்லை. பாதையோரம் போய்ப் பள்ளத்தை எட்டிப் பார்த்தேன். அங்கும் வெள்ளைதான். என் மகள் காணாமல் போயிருக்க, அந்த முள் மட்டும் எல்லாம் சரி என்று சொல்லிக்கொண்டிருந்தது.

மேலேயிருந்து காலடிச் சத்தம் கேட்டது. கையில் டீசல் கேனுடன் அவள், கூடவே ஊர்க்காரப் பெண் ஒருத்தி.

"இந்த ஓட்ட வண்டியில எதுக்குங்க புள்ளைய அனுப்பறீங்க?" என்றாள் அந்தப் பெண். "நடந்து வந்திருந்தாக்கூட இந்நேரம் எங்க வூட்டுல களி தின்னுட்டு இருக்கும்."

"டேங்க் காலிம்மா," என்றாள் மகள். "ஏத்தத்துல ஆஃப் ஆயி பின்னால உருண்டுருச்சு. மண்ணுல முட்டி நின்னுது." மண்மேடு இருந்தது அந்த ஓரத்தில் மட்டும்தான்.

மறுநாள் ஓட்டுநர் இருக்கையைக் கழற்றினோம். அதன் அடியில்தான் டேங்க். மூடித்தகட்டைத் திருகி எடுத்தால், அதோடு ஒரு கம்பியும் கம்பி முனையில் பித்தளை மிதவையும் வந்தன. டீசல் இறங்க இறங்க மிதவையும் இறங்க வேண்டும், அதைப் பார்த்து முள் இறங்க வேண்டும். கம்பியின் மூட்டு நடுவழியில் துருவேறி இறுகியிருந்தது. ஆக, காலி டேங்கின் இருட்டில், கீழே எதுவுமே இல்லாமல், மிதவை அந்தரத்தில் நின்றிருக்கிறது. அதன்மேல்தான் அவள் தினமும் உட்கார்ந்து போயிருக்கிறாள்.

துருவை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறவள் நான். கம்பியின் மூட்டில் மட்டும் வினிகர் படும்படி பஞ்சு சுற்றி வைத்து, பிறகு பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். மிதவையைக் காதருகே குலுக்கினேன். உள்ளே ஒன்றும் தளும்பவில்லை, ஓட்டை இல்லை.

ஒயரை மாட்டி, மின்சாரம் ஓடும்படி தகட்டை ஜீப்பின் இரும்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். அவள் சாவியைத் திருப்பி முள்ளுக்கு நேராகக் குனிந்தாள். மிதவையை உயர்த்தினேன்.

"ஏறுது… ஏறுது… ஃபுல்லு."

அடி வரை இறக்கினேன்.

"ஃபுல்லு," என்றாள்.

"இப்ப?"

"ஃபுல்லுதான். அப்படியே நிக்குதும்மா."

என் கை அடியில் இருந்தது. மிதவையும் அடியில்தான் இருந்தது. இன்னும் கீழே அழுத்தினேன்.

"இரு, இரு… இறங்குது."

பழைய முள் அப்படித்தான். உள்ளே இருக்கும் தகடு சூடாகி ஆறுவதற்கு நேரம் பிடிக்கும். அந்தப் பாடமும் எனக்குத் தெரியும். தெரிந்தும் கை கேட்கவில்லை.

இப்போது முள் ஏறுகிறது, இறங்குகிறது. போன வாரம் ஒரு காலையில் பாதியில் வந்து நின்றது.

"பாதிம்மா," என்றாள்.

டேங்க் வாயில் குச்சியை விட்டு எடுத்தேன். சரியாகப் பாதி வரை நனைந்திருந்தது.

"இப்பவாவது நம்பறியா?"

"கேன்ல இருக்கறதையும் ஊத்திக்கிட்டுப் போ சாமி."

"உனக்கு முத்திப்போச்சும்மா," என்று சிரித்தபடியே ஊற்றினாள். முள் பாதியைத் தாண்டும் வரை கதவை நான் சாத்த விடவில்லை.