ஜெபசிங் கேட்டு வாங்கிய இரண்டு மணி நேரம்

தி.நகர் ஜவுளிக்கடையில் ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்பவன் நேற்று வேலைக்குச் சேர்ந்தவனாக இருப்பான், இல்லை நாளைக்கு வேலையை விடப்போகிறவனாக இருப்பான். பட்டுப் பிரிவில் பதினான்கு வருஷம் நின்று காலில் நரம்பு சுருட்டிக்கொண்ட ஜெபசிங் இரண்டுமில்லை. ஆனாலும் கேட்டார். முழுநாள்கூட இல்லை, கடை திறந்ததும் முதல் இரண்டு மணி நேரம் மட்டும். "ஆண்டவருக்குன்னு ஒதுக்க வேண்டிய நேரம் அண்ணாச்சி" என்று முதலாளி நல்லசிவத்திடம் மூன்று வருஷம் திரும்பத் திரும்பச் சொன்னார். போன தை மாதம் அண்ணாச்சி தலையாட்டிவிட்டார்.

மந்தைவெளியில் அவர் போகும் சபையில், எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, இந்த வெற்றியை ஜெபசிங் சாட்சியாகச் சொன்னார். இரண்டு தடவை சொன்னார்.

அதன்பிறகு அவர் ஒரு ஞாயிறுகூட ஆராதனையைத் தவறவிட்டதில்லை. வாட்ஸப்பையும் தவறவிட்டதில்லை. பாட்டுப் புத்தகத்துக்குள் போன் இருக்கும். வாடிக்கையாளர்கள் புடவைப் படம் அனுப்புவார்கள், இவர் கலர் சொல்வார். பதில் போடாவிட்டால் அவர்கள் பக்கத்து கவுண்ட்டர் ராம்குமார் கைக்குப் போய்விடுவார்களே, அந்தப் பயம். ஜெபத்துக்குக் கண்ணை மூடச் சொன்னால் பாவம், ஒரு கண்ணை மூடுவார்.

ஆடித் தள்ளுபடி தொடங்கிய ஞாயிறன்று மயிலாப்பூர் விஜயலக்ஷ்மி மாமி மகள் கல்யாணத்துக்குப் புடவை கேட்டு விடாமல் செய்தி அனுப்பினாள். டைப் அடித்து மாளவில்லை. பிரசங்கத்தின் நடுவே தூணுக்குப் பின்னால் குனிந்து, குரல் பதிவாகவே அனுப்பிவிட்டார் ஜெபசிங்.

பதினொன்றரைக்குக் கடைக்கு வந்தபோது மாமி அண்ணாச்சியின் எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"எங்காத்து மனுஷா மாதிரி பாத்துச் சொல்றார் ஜெபசிங். கேளுங்கோ" என்று போனை அமுக்கினாள்.

"அரக்கு பார்டர் வேணாம் மாமி, மயில்கழுத்துக் கலர் எடுங்க" என்று கிசுகிசுத்தது ஜெபசிங்கின் குரல். அதற்குப் பின்னால், அவரைவிடச் சத்தமாக, போதகர் மனந்திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை கடையில் பூஜை நடக்கும் அரை மணி நேரம், பெற்ற மகளே கூப்பிட்டாலும் போனைத் தொடாத மனுஷர் அண்ணாச்சி. மூன்று வருஷம் கெஞ்சி வாங்கியது இன்றோடு போயிற்று என்றே நினைத்தார் ஜெபசிங். மாமி புடவை பார்க்க எழுந்து போனாள்.

"அடுத்த வாரத்துலேர்ந்து காலைலயே வந்துடுதேன் அண்ணாச்சி" என்றார் ஜெபசிங், தானாகவே.

"எதுக்குவே? ரெண்டு மணி நேரம் உம்ம சாமிக்குன்னு கேட்டீரு, நான் குடுத்துட்டேன். குடுத்தத திருப்பி வாங்க மாட்டேன்" என்றார் அண்ணாச்சி. "நீருதான் இன்னும் குடுக்கல போலிருக்கு."

ராம்குமார் அடுத்த கவுண்ட்டரில் மயில்கழுத்துப் புடவையை மாமிக்குப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தான். ஜெபசிங் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.