பினாயில் வாடை

ஒன்பதாவது படிக்கும் மகளைப் படூரில் அவள் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பினேன். வராந்தாவில் பினாயில் வாடை மூக்கில் ஏறியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அச்சரப்பாக்கத்தில் நான் படித்த பள்ளியில் பினாயில் அடித்தால் அதிகாரி வருகிறார் என்று பொருள். எங்களுக்கு இங்கிலீஷ் எவ்வளவு வாசிக்க வருகிறது என்று பார்க்க வருவார். எழுத்துக்கூட்டித் திணறும் எங்களை வாத்தியார் காலையிலேயே மைதானத்தில் புல் பிடுங்க அனுப்பிவிடுவார். உள்ளே எங்கள் வகுப்புத் தமயந்தி, மாதம் முழுக்க மனப்பாடம் செய்த பாடத்தைப் புத்தகத்தைப் பார்ப்பதுபோல ஒப்பிப்பாள். "வெரி குட்" என்ற குரல் சன்னல் வழியே எங்களுக்கும் கேட்கும். வகுப்பே நன்றாக வாசிக்கிறது என்று எழுதிக்கொண்டு அந்த மனிதர் போய்விடுவார். எங்களை யாரும் வாசிக்கச் சொன்னதே இல்லை. பிறகு எப்படி வரும்?

ஒருமுறை கடலை மூட்டையோடு அந்தப் பக்கம் வந்த அப்பா வேலியோரம் சைக்கிளை நிறுத்தினார்.

"இன்னாடா, கிளாஸ் நடக்குது, நீ இங்க இன்னா பண்ணிகினு கீற?"

"எனக்குப் படிக்க வராதுன்னு சார் அனுப்சிட்டாருப்பா."

"வராதுன்னுதானடா உன்ன ஸ்கூலுக்கே அனுப்பறேன்!"

என்னிடம்தான் கத்தினார். வாத்தியாரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சன்னலில் தெரிந்த அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார். அந்தக் கும்பிடு இன்றும் எனக்கு எரிகிறது.

இப்போது மகளின் பள்ளி கேட்டருகே வந்து திரும்பிப் பார்த்தேன். என் மகளையும் இன்னும் சில பிள்ளைகளையும் டீச்சர் வகுப்பிலிருந்து லைப்ரரிக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். திரும்ப வராந்தாவுக்குப் போய் ஏன் என்று கேட்டேன்.

"இன்ஸ்பெக்‌ஷன் சார். இவங்களுக்கு ரீடிங் வராது, முடியற வரைக்கும் அங்க இருக்கட்டும்" என்றார்.

வராந்தாவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

"வராதுன்னுதானே மேடம் ஸ்கூலுக்கு அனுப்பறோம்!"