படத்திலை நாய்க்குப் பேர் இருந்தது

நான் மியூசியத்துக்குப் போற ஆளில்லை. ஈபிள் டவருக்கே ஊரிலையிருந்து வந்த சொந்தக்காரருக்கு வழிகாட்டப் போனதோடை சரி. அப்பிடிப்பட்ட என்னைத்தான் எங்கடை ரெஸ்ரோறனிலை கோப்பை கழுவுற பிலிப்பைன்ஸ் மனுசி துணைக்குக் கூப்பிட்டா. குசினியிலை பெடியள் கூப்பிடுறதைக் கேட்டுப் பழகி, அவவுக்கும் நான் அண்ணை. மிச்சக் கதையெல்லாம் ரெண்டு பேரின்ரையும் உடைஞ்ச பிரெஞ்சிலைதான்.

போன மாசம் அவவின்ரை தாய் செத்துப்போனா. அந்தத் தாய் முந்தி பாரிசிலை ஒரு ஓவியர் வீட்டிலை வேலை செய்தவவாம். ஓவியரும் பிலிப்பைன்ஸ்காரர், பெரிய பேரெடுத்தவர். இப்ப அவற்றை வீடு மியூசியம். அங்கை தாயை வரைஞ்ச படமும் தொங்குதாம்.

"அம்மா இருக்கும்வரை அங்கை போகாதை எண்டு சொல்லிப்போட்டா, அண்ணை. ஏனெண்டு சொல்லேல்லை. படத்துக்குப் பக்கத்திலை அம்மான்ரை பேர் எழுதியிருக்கும். அதைப் போட்டோ எடுத்து ஊரிலை தம்பிக்கு அனுப்பவேணும்."

செத்த ஆளின்ரை படத்தடிக்கு வெறுங்கையோடை போகேலுமோ? எங்கடை தமிழ்க் கடையள் இருக்கிற லாச்சப்பலிலை பூக்கடைக்குப் போய், படத்துக்குப் போட மல்லிகை மாலை கேட்டன்.

"எவ்வளவு பெரிய படம், அண்ணை?" எண்டு கடைக்காரன் கேட்டான்.

"தெரியாது. படம் கீறினவர் பெரிய ஆள். பெரிசாத் தாரும்."

மெட்ரோவிலை அவ பையைத் திறந்து மணந்து பாத்திட்டு, "எங்கடை ஊரிலையும் இதுதான் போடுறது" எண்டா. எனக்குப் பெருமை தாங்கேலாமல் போச்சு.

வாசலிலை காவல்காரன் பையைத் துழாவினான். "இது ஆருக்கு?"

"இவவின்ரை அம்மாவுக்கு."

"அவ எங்கை?"

"உள்ளுக்கை. சுவரிலை."

அவன் சிரிக்கேல்லை. பூவிலை பூச்சி வருமாம், படத்துக்குக் கூடாதாம். மாலையை ஒரு பெட்டியிலை வைச்சுப் பூட்டினான்.

படம் பெரிசுதான். மேசையிலை இஸ்திரிப்பெட்டியாலை உடுப்பு மினுக்கிக்கொண்டு ஒரு இளம் பொம்பிளை நிக்கிறா. மகளின்ரை அதே நாடி, அதே நெத்தி. காலடியிலை வெள்ளை நாய். பக்கத்திலை ஒரு அட்டை. அவ அதுக்குக் கிட்டப்போய் கனநேரம் நிண்டா.

"என்ரை பிரெஞ்சு பிழை போலை, அண்ணை. நீங்கள் ஒருக்கா வாசியுங்கோ."

வாசிச்சன். அவவின்ரை பிரெஞ்சு பிழையில்லை. 'வேலைக்காரி, நாயோடு' எண்டு தலைப்பு. கீழை நாயின்ரை பேர், அது என்ன சாதி, ஓவியரின்ரை கட்டிலிலைதான் படுக்கும் எண்டதெல்லாம் கிடந்தது. பொம்பிளையைப் பற்றி ஒரு வரி இல்லை.

எனக்கு உச்சியிலை ஏறிச்சுது. அங்கை ஆக்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிண்ட மடாமிட்டைப் போனன்.

"அந்தப் பொம்பிளை ஆர்?"

"தெரியாது, மிஸ்யூ. ஓவியர் சொல்லேல்லை."

"இவ மகள். இப்ப தெரியும்தானே?"

"அதை நிர்வாகம் ஆராயவேணும்."

"அப்ப நாயை ஆர் ஆராய்ஞ்சது?"

"அதின்ரை பேரை ஓவியரே எல்லாருக்கும் சொல்லியிருக்கிறார்."

வெள்ளைக்காரன் மறந்திருந்தாலும் பரவாயில்லை. இந்த ஓவியர் அந்தத் தாயின்ரை ஊர்க்காரன். அவ சமைச்சதைத் திண்டு, அவ மினுக்கின உடுப்பைப் போட்டுக்கொண்டு திரிஞ்சவர். ஏன் போகாதை எண்டு அந்தத் தாய் சொன்னவ எண்டு அப்பதான் விளங்கிச்சுது. எனக்குக் கோவம் வந்தால் முதலிலை போறது பிரெஞ்சு. மிச்சத்தைத் தமிழிலை பேசினன். மடாம் தலையாட்டிக் கேட்டா, பாவம்.

திரும்பினால், இவ படத்தைப் பாத்துத் தாயின்ரை பேரை மெல்லமாச் சொன்னா.

எங்கடை குசினியிலை தலைமைச் சமையல்காரர் ஓடரைச் சொன்னால் நாங்கள் அதைத் திருப்பிக் கத்தவேணும். அப்பதான் கேட்டது எண்டு அர்த்தம். என்ரை வாய்க்கு அது பழகிப்போச்சு. அந்தப் பேரை அப்பிடியே திருப்பிக் கத்திப்போட்டன். மண்டபம் முழுக்கத் திரும்பிச்சுது.

அவ என்னைப் பாத்தா. பிறகு இன்னும் சத்தமாச் சொன்னா. நானும் கத்தினன். காவல்காரன் ஓடிவாறதுக்கிடையிலை இன்னொருக்கா.

எங்களை மரியாதையா வெளியிலை விட்டாங்கள். மாலையும் வந்தது, வாடாமல்.

"தம்பிக்கு என்னத்தை அனுப்புறது, அண்ணை?"

மாலையைக் கையிலை பிடிச்சுக்கொண்டு வாசலிலை நில்லுங்கோ எண்டன். பின்னாலை ஓவியரின்ரை பேர் எழுதின பெரிய பலகை.

"கொஞ்சம் இடப்பக்கம். இன்னும் கொஞ்சம்."

அவவின்ரை தலை அந்தப் பேரை முழுசா மறைச்ச பிறகுதான் போட்டோவை எடுத்தன்.