மேனேஜர் மகளுக்கு ஒரு பசில்

சிஞ்ச்வட் ஸ்டேஷனுக்குப் பக்கத்து சொசைட்டியில் மூன்றாவது மாடியில் குடியிருந்த சியாமளாவுக்கு அந்த ஊரில் ஒருத்தரையும் பிடிக்காது. கோயம்புத்தூரிலிருந்து புனேவுக்கு வந்து ஐந்து வருஷம். கீழ்வீட்டு மராத்திக்காரி கஞ்சம், எதிர்வீட்டுக்காரி அழுக்கு. கட்கி ஆயுதத் தொழிற்சாலையில் அப்பன், பிள்ளை என்று வேலை பார்க்கிற தமிழர்களை அவள் தமிழர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பேச்சில் பாதி இந்தி கலக்கிற ஜென்மங்களாம். தான் மட்டும் ஏதோ சீமையில் பிறந்து இங்கே வந்து மாட்டிக்கொண்டதாக அவளுக்கு நினைப்பு. நினைப்புதானே, காசா பணமா?

இவர்களிடமிருந்து தப்பிக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அமெரிக்கா. புருஷன் பாலச்சந்திரன் வேலை பார்த்த ஹிஞ்சேவாடி கம்பெனியில் 2005ஆம் வருஷம் ஒரே ஒருவரை அங்கே அனுப்பப் போகிறார்கள். ஒன்று பாலச்சந்திரன், இல்லாவிட்டால் அவனோடு வேலை பார்க்கும் சேஷு. பெயரை எழுத வேண்டியவர் மேனேஜர் ராமநாதன். அவருடைய மகள் வித்யாவுக்கு ஞாயிற்றுக்கிழமை எட்டாவது பிறந்தநாள். விடுவாளா சியாமளா? வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினாள்.

"பென்சில் பாக்ஸு, கேரம் போர்டுன்னு ஆளாளுக்குத் தூக்கிட்டு வருவாங்க. அதையெல்லாம் பரண்ல போட்டு வெச்சு, அடுத்த பொறந்தநாளுக்கு வேற எவ தலையிலயாச்சும் கட்டிருவாங்க," என்றாள். "கேமரா வாங்கலாம்னா, அவங்கப்பன்கிட்ட இல்லாத கேமராவா? அந்தப் புள்ள போட்டோவையே எதும் மேலயாச்சும் அச்சடிச்சுக் குடுத்தா யார் தலையிலயும் கட்ட முடியாதுங்க. ஆயுசுக்கும் நம்ம நெனப்பு இருக்கும்."

போட்டோக் கடைக்காரன் கோப்பை, தலையணை உறை, டி-ஷர்ட் எல்லாம் எடுத்துப் போட்டான். கோப்பையில் அடித்தால் மூஞ்சி கோணிவிடும், உறையில் எண்ணெய் படியும், டி-ஷர்ட்டைக் கூலிக்காரர்கள் போடுவார்கள். இப்படி ஒவ்வொன்றையும் மூக்கைச் சுளித்துத் தள்ளிவிட்டு ஜிக்சா பசிலைப் பிடித்தாள். அறுபது துண்டு. எல்லாம் சேர்த்தால் வித்யாவின் படம். விருந்துக்கு வந்த அத்தனை பேரும் வேடிக்கை பார்ப்பார்கள்.

போட்டோ கைவசம் இருந்தது. கம்பெனி லோனாவலாவுக்குப் பிக்னிக் போனபோது எடுத்தது. ராமநாதன் தோள்மேல் உட்கார்ந்து சிரிக்கிறது குழந்தை. போன பிறந்தநாளுக்கு வித்யா போட்டிருந்த அதே பச்சை கவுன், அதே வெள்ளிச் சரிகை.

"இதுதானுங்களே?" என்று கேட்டதற்கு, கிரிக்கெட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்" என்றான் பாலச்சந்திரன். அதெல்லாம் ஒரு ஆம்பளை. படத்தில் குழந்தையை மட்டும் வெட்டி எடுத்து, கீழே 'ஹேப்பி பர்த்டே வித்யா' என்று சிவப்பு எழுத்தில் போட்டு வாங்கிவந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை புருஷனோடு போனபோது மேனேஜர் வீட்டு வாசலில், செருப்பு ஸ்டாண்டு ஓரமாக ஸ்டூலில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். வெளுத்துப்போன சட்டை. "பையா, பானி தோ," என்று அதிகாரமாகத் தண்ணீர் கேட்டாள் சியாமளா. அவர் எழுந்து உள்ளே போய்க் கொண்டுவந்து கொடுத்தார்.

சேஷு ஒரு பந்து வாங்கி வந்திருந்தான். பந்து! சியாமளாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

அவள் கொடுத்த பெட்டியைப் பிரித்து, குழந்தைகள் துண்டுகளைத் தரையில் கொட்டிச் சேர்க்க ஆரம்பித்தார்கள். முதலில் பச்சைத் துணி, பிறகு சரிகை. "ஏய், என்னோட பழைய கவுன்!" என்று கத்தினாள் வித்யா. சியாமளா மேனேஜர் மனைவி ரோஹிணியைப் பார்த்துப் பூரித்தாள். மோவாய் வந்தது, ஓட்டைப்பல் வந்தது, கண் வந்தது.

"அம்மா, இது நான் இல்லம்மா. இது சோனாலி!"

பின்னால் நின்ற ஒல்லிப் பெண் ஒன்று, "அய்யோ, நான்! நான்!" என்று குதித்தது. அது போட்டிருந்ததும் யாரோ போட்டுக் கழித்த கவுன்தான்.

அப்போதாவது சியாமளாவின் வாய் சும்மா இருந்ததா?

"அட, இவளுக்குன்னுதாங்க கொண்டுவந்தேன்! வேலைக்காரம்மா கொழந்தை, பாவம், அதுக்கு யாரு என்ன வாங்கித் தரப்போறாங்க? நீங்களும் வித்யா கவுனைக் குடுத்திருக்கீங்களே, அந்த மனசு யாருக்கு வரும்!"

ராமநாதன் கையிலிருந்த கேக் தட்டை மேசைமேல் வைத்தார்.

"அது எங்க அண்ணன் பொண்ணு," என்றார். செருப்பு ஸ்டாண்டுப் பக்கம் கையைக் காட்டினார். "அவர்தான் எங்க அண்ணன் பாஸ்கர். கட்கி ஃபேக்டரில ஃபிட்டர். நான் படிச்சதே அவர் சம்பளத்துல."

தண்ணீர் கொடுத்த ஆள். சியாமளாவின் வாய் ஒருவழியாக மூடிக்கொண்டது.

சோனாலிக்கு இதெல்லாம் எங்கே காதில் விழுந்தது? துண்டுகளைப் பெட்டிக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். "நான் எடுத்துக்கவா அப்பா?"

"விட்டுட்டு வா பேட்டா," என்றார் பாஸ்கர். "அதுல உன் பேரு இல்ல."

ராமநாதன் அண்ணனை வழியனுப்பக் கூடவே கீழே போனார். போகும்போது பாலச்சந்திரன் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் சாயங்காலம் பாலச்சந்திரன் வீட்டுக்கு வந்து, சேஷு போகிறான் என்றான். சியாமளா தாம்தூம் என்று குதித்தாள். "எல்லாம் அந்த ரோஹிணியாலதாங்க! கவுனைத் தூக்கிக் குடுத்தவ ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா?"

வாயில்லாப் பூச்சி அன்றைக்குத்தான் அவளை ஏறிட்டுப் பார்த்தது.

"வித்யா மூஞ்சி எப்படி இருக்கும்? சொல்லு பாக்கலாம்."

இரண்டு பிறந்தநாளும் அந்த வீட்டில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறாள். யோசித்தாள். நேற்று அந்தப் பெண் உடுத்தியிருந்த ரோஸ் லெஹங்கா ஞாபகம் இருந்தது, வளையல் ஞாபகம் இருந்தது, செருப்பில் பதித்த கல்கூட ஞாபகம் இருந்தது. முகம் வரவில்லை.