சோற்றுக்கு நடுவே ஒரு மாத்திரை

அன்றைக்கு வாடகை ஜீப்பில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், என் மனைவி செல்வி, அக்கா தனம், அவள் வீட்டுக்காரர் ரங்கநாதன் மாமா, ஓட்டிவந்த ஏழுமலை. என் சட்டைப் பையில் ஹெல்சிங்கியிலிருந்து கொண்டுவந்த மாத்திரை டப்பா. தியாகதுருகத்திலிருந்து வெள்ளிமலைக்குச் சாமை வாங்கப் புறப்பட்டிருந்தோம். என் கொழுப்பைச் சாமைச் சோறு கரைத்துவிடும் என்பது அக்காவின் கட்சி. மலை ஏறுவதற்கு முன்பே வண்டி நின்றது. இடஒதுக்கீடு கேட்டு மறியல். ரோட்டுக்குக் குறுக்கே டிராக்டர்.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். அப்பா கரும்பு வெட்டும்போதே நெஞ்சைப் பிடித்துச் சாய்ந்தவர். ஹெல்சிங்கி ஓட்டலில் தோசைக்கல் முன்னால் நிற்கும் எனக்கும் ரத்தத்தில் கொழுப்பு ஜாஸ்தி என்று வந்ததும், தோளில் எறும்பு ஊர்ந்தால்கூட நாடி பிடித்துப் பார்க்க ஆரம்பித்தேன். செடிகளில் இருக்கும் ஸ்டெரால் என்கிற பொருளை மாத்திரையாகச் சாப்பிட்டு, எண்ணெயைக் குறைத்து, தினம் நடக்கச் சொன்னார் டாக்டர். இறங்காவிட்டால் வேறு மருந்து.

செடி என்றாரா, எட்டாவதோடு நின்ற எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நாட்டு மருந்து மாதிரி விடியலில், வெறும் வயிற்றில், வெந்நீரோடு விழுங்கினேன். கத்தரிக்காயும் கருவாடும் விலக்கிப் பத்தியம் இருந்தேன். கொழுப்பு அசையவில்லை. "எந்தச் சாப்பாட்டோடு எடுக்கிறீர்கள்?" என்று நர்ஸ் கேட்டார். "சாப்பாடே இல்லாமல்" என்றேன், பெருமையாக. அவர் முகம் வாடிவிட்டது. வீட்டில் சோற்றுக்கு வழியில்லை என்று நினைத்து, இலவசமாக உணவு தரும் இடத்தின் விலாசத்தை எழுதிக் கொடுத்தார். செல்வி போனில் நர்சுக்கு விளக்கிச் சொன்ன பிறகுதான் நானும் அவரும் சிரித்தோம். அன்றிலிருந்து சாப்பாட்டோடு விழுங்கினேன். ஊருக்கு வந்ததும் அக்கா அதைக் கெடுத்தாள். விடிந்தால், வெறும் வயிற்றில் விழுங்கச் சொல்லி வெந்நீரோடு வந்து நிற்பாள். விடுமுறை முடிவதற்குள் கள்ளக்குறிச்சியில் ரத்தம் பார்த்தாக வேண்டும்.

மறியல்காரர்கள் எங்களுக்கும் தக்காளிச் சோறு தந்தார்கள். இரண்டு வாய் சாப்பிட்டு மாத்திரையை எடுத்தேன்.

"டேய், இன்னாடா பண்ற? சோத்துக்கு நடுவுல எவனாச்சும் மருந்து துன்னுவானா?"

"நர்சு அப்பிடித்தான் சொல்லுச்சிக்கா. சோத்துல கீற கொழுப்பு ஒடம்புக்குள்ள போற வழியில இது குறுக்க நிக்குமாம்."

"பனியில கெடக்குறவளுக்கு மருந்தப் பத்தி இன்னா தெரியும்?"

மாமா மென்றுகொண்டே டிராக்டரைக் காட்டினார். "தனம், அங்க பாரு. இவங்க வண்டி ஓடற நேரமா பாத்து ஏன் குந்திகினு கீறாங்க? ஆளே வராத ரோட்ல மறியல் பண்ணா எவன் கேப்பான்?"

"அப்ப அண்ணன் வயித்துலயும் மறியலா!" என்றான் ஏழுமலை. "சோறு வந்தாதான் மறிக்க முடியும், அக்கா."

அக்கா யோசித்தாள். "மொத்தத்தையும் மறிச்சிடுமா?"

"இல்லக்கா, கொஞ்சந்தான். மீதி நொழஞ்சிடும்."

"ஆம்புலன்சுக்கு வழி வுடற மாரி" என்றார் மாமா.

அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தண்ணீர் பாட்டிலை என் கையில் திணித்தாள். "முழுங்குடா, சோறு எறங்கறதுக்குள்ள!" பக்கத்து லாரிக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு வெந்நீர் வரவில்லை. இலை போட்டதும் குரல் வரும்: "மறியல் போட்டியா?"

கள்ளக்குறிச்சி ரிப்போர்ட்டைச் செல்வியைத்தான் பிரிக்கச் சொன்னேன். "கொறஞ்சிருக்கு" என்றார் டாக்டர். "ஜாஸ்தி இல்ல. ஆனா இப்போதைக்கு வேற மாத்திர வேணாம். இத மட்டும் நம்பி ஒக்காந்துடாதீங்க, நடங்க." நான் லேப் வாசலிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே போனேன், கால் தரையில் படாமல். சாமையால்தான் குறைந்தது என்கிறாள் அக்கா. அப்படியே இருக்கட்டும்.

இப்போது ஹெல்சிங்கியில் பனி கொட்டுகிறது. அக்கா மத்தியானச் சோற்றுக்கு உட்காரும்போது எனக்கு இன்னும் காலைதான். அந்த நேரத்துக்கு என் போன் அடிக்கும்: "மறியல் போட்டியா?" பசி இல்லாவிட்டாலும் கம்பு ரொட்டி மாதிரிக் கறுத்த இந்த ஊர் ரொட்டியை எடுத்துவைத்து, தியாகதுருகத்துப் பந்தியில் உட்கார்ந்துவிடுகிறேன்.

மறியலில் ஜீப் நின்ற நேரத்துக்கு ஏழுமலை காசு வாங்கவில்லை. "அடுத்த வாட்டி வருவ இல்லண்ணே, அப்ப குடு" என்றான். முந்நூறு ரூபாய் பாக்கி நிற்கிறது.